எங்கள் வீட்டுத் தீபாவளி நின்றதும் வந்ததும்

பண்டிகை நாளில் வீட்டில் யாராவது இறந்துபோனால் அந்தப் பண்டிகை அந்த வீட்டை விட்டே போய்விடும். ஒரு வருஷத்துக்கு அல்ல, ஒரேயடியாக. அது திரும்பி வர வேண்டுமென்றால் அதே பண்டிகை நாளில் அந்த வம்சத்தில் ஒரு குழந்தை பிறக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுப் பசு கன்று போட வேண்டும். எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. ஆனால் மீறச் சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் மீற மாட்டார்கள்.

எங்கள் வீட்டுத் தீபாவளி என் மனைவியோடு போயிற்று.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று என்னுடையது. அடுத்தது என் தம்பியுடையது. நடுச்சுவரை இடித்துக் கதவு வைத்து ரொம்ப காலமாகிறது. எந்த அடுப்பில் என்ன வெந்தாலும் இரண்டு வீட்டுக்கும் பொது. தம்பிக்கு ஒரு பையன். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதைச் சொல்லும்போது ஜனங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது பழகிப்போன சமாசாரம். என் மனைவிக்குத் தம்பியே பாதிப் பிள்ளை. அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பியது அவள்தான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஓணம்தான் பண்டிகை. தீபாவளி ஒரு லீவு நாள், அவ்வளவுதான். விடிவதற்கு முன்னால் வெடிச்சத்தம் கேட்டால் அது எங்கள் மாதிரித் தமிழ்த் தெருக்களிலிருந்து வருவதாகத்தான் இருக்கும். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் சித்தப்பா மக்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். இரண்டு வீட்டுக் கூடத்திலும் பாய் விரித்துப் படுத்தால் நடுராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவன் யார் காலையாவது மிதிக்காமல் போக முடியாது.

அந்தக் கூட்டத்துக்கு என் மனைவிதான் ராணி. முதலில் எழுந்து நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சுவாள். ஆறினதும் கிண்ணத்தோடு வந்து தூங்குகிறவர்கள் உச்சந்தலையில் பொத்தென்று ஒரு கை வைப்பாள். பெரியவன் சின்னவன் கிடையாது. ஒரு தடவை என் சித்தப்பாவுக்கே வைத்தாள். மனுஷர் கூரை ஒழுகுகிறதென்று நினைத்து எழுந்து பாயைச் சுருட்டினார். கடைசியாக எழுந்தவருக்குத் தீபாவளி மருந்து இரண்டு உருண்டை. சுக்கும் மிளகும் ஓமமும் சாலைக் கடைத்தெருவில் வாங்கிவந்து அவளே கிளறுவாள். ஒரு உருண்டைக்கே தொண்டை எரியும்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. பயறும் வெல்லமும் வைத்துப் பொரிக்கிற சுகியனில் ஒன்றே ஒன்றுக்குள் பச்சை மிளகாயை அரைத்து வைத்துவிடுவாள். வெளியே பார்த்தால் தெரியாது. அது யாருக்கு வருகிறதோ அவர் புதுச் சட்டையின் விலைச்சீட்டைக் கிழிக்காமல் தொங்கவிட்டுக்கொண்டு பழவங்காடிக்கு நடந்துபோய்ப் பிள்ளையாருக்கு எல்லார் பேரிலும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வர வேண்டும். எந்தச் சுகியன் என்பது அவளுக்கே மறந்துபோகும். பாதி வருஷங்களில் அது அவளுக்கேதான் வந்தது. புடவை முந்தானையில் சீட்டு ஆட அவள் போவதைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வரும்.

அந்தத் தீபாவளியன்றும் எல்லாருக்கும் எண்ணெய் வைத்து, ஒவ்வொருவராகக் குளிக்க விரட்டி, கடைசியில் தான் குளிக்கப் போனாள். தெருவில் சரவெடி. வீட்டுக்குள் குழந்தைகள் கூச்சல். உள்ளே விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று தம்பிதான் முதலில் கேட்டான். கதவை உடைத்தோம். விடிய இன்னும் நேரம் இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். அவள் தலையில் எண்ணெய் பாதி போகாமல் இருந்தது.

நான் அழவில்லை. வராததை எங்கிருந்து கொண்டுவருவது? கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அது மாதிரி. கல்நெஞ்சன் என்று சிலர் சொன்னதாகக் காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். பதிமூன்று நாள் காரியமும் செய்தேன், ஆபீஸ் போனேன், ஓய்வும் பெற்றேன். சாப்பிட்டேன், தூங்கினேன். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை. வலித்தால்தானே சொல்வதற்கு.

அதன்பின் எங்கள் இரண்டு வீட்டிலும் தீபாவளி கிடையாது. எண்ணெய் கிடையாது, புதுத்துணி கிடையாது, அடுப்பில் வாணலி ஏறாது. தெருக்காரர்கள் தட்டில் பட்சணம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைச் சாப்பிடத் தடையில்லை. உறவுக்காரர்கள் வருவது நின்றது. அன்று காலையில் நான் மாத்திரம் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, விளக்குப் போடாமல் சமையலறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவள் போன நேரம் வரும், போகும். அப்புறம் எழுந்து காப்பி போட்டுக் குடிப்பேன். திவசம் என்பது வாத்தியார் மந்திரம் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்வது. இது அப்படியில்லை. எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான். அந்த இருட்டில் நான் அவளைப் பற்றி விசேஷமாக ஒன்றும் நினைக்க மாட்டேன். சும்மா இருப்பேன். ஆனால் இருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் தம்பியும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். செருமுவது கேட்கும். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

அதற்காகத் தம்பிக்குத் தீபாவளி வேண்டாம் என்று அர்த்தமில்லை. பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் மருமகளுக்கு இந்த வீட்டில் தீபாவளி என்று ஒன்று இல்லாமல் போகுமே என்று அவனுக்குக் கவலை. எங்கேயோ விசாரித்து நெடுமங்காட்டிலிருந்து ஒரு சினைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். கோட்டைக்குள் மாடு! கிணற்றடியில் கட்டினான். கணக்குப் போட்டு, மாட்டு டாக்டரிடம் நாள் கேட்டு, பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் போட்டு ராஜோபசாரம் செய்தான். மாடு தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானமே கன்று போட்டுவிட்டது. வாத்தியாரிடம் ஓடிப்போய் ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறான். மாட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது ஓய் என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். நான் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பும் அப்போது வரவில்லை.

பையனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. தமிழ் பேசத் தொடங்கினால் பாதியில் மலையாளத்துக்குப் போய்த் திரும்பி வரும். அவள் கர்ப்பமானதும் டாக்டர் சொன்ன தேதி தீபாவளிக்கு ஒரு வாரம் பின்னால். தம்பி மனைவி நாட்காட்டியைப் பார்ப்பதும் மருமகள் வயிற்றைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஒரு நாள் வாயைத் திறந்து, கொஞ்சம் முன்னாடியே எடுத்துட முடியுமான்னு டாக்டரைக் கேட்டுப் பாரேன் என்று சொல்லியும்விட்டாள். அந்தப் பெண் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள். நியாயம்தான்.

யாரும் எதுவும் செய்யாமலே குழந்தை தீபாவளியன்று பிறந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி போன் செய்தபோது அவன் குரலில் இருந்ததை என்னவென்று சொல்வது! வம்சம் விருத்தியானதை விட்டுவிட்டு, தீபாவளி வந்துடுத்து அண்ணா, தீபாவளி வந்துடுத்து என்றான். பிறந்த தீட்டு இருந்ததால் அந்த வருஷம் கொண்டாட முடியாது. அடுத்த வருஷத்திலிருந்து.

அந்த ஒரு வருஷம் முழுக்க எனக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பின்னால் அவளுக்குத் திவசம் செய்யக்கூட ஆள் கிடையாது. அவள் இந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கு மிச்சம் இருந்த ஒரே சாட்சி, தெருவெல்லாம் வெடிக்கும்போது எங்கள் வாசல் மட்டும் சும்மா கிடப்பதுதான். ஏன் என்று யாராவது கேட்பார்கள். அவள் பேச்சு வரும். அதுவும் போய்விட்டால்? அந்த நாளை என்னிடமிருந்து பிடுங்கிக் கொண்டுபோய் ஒரு கைக்குழந்தையிடம் கொடுக்கிறார்கள். குழந்தை மேல் எனக்குக் கோபமா என்று கேட்டால் இல்லை. அதைத் தூக்கியும் வைத்துக்கொள்வேன். என் மடியிலேயே தூங்கும். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றாது, கை மட்டும் கனக்கும்.

வீட்டுக்கு மூத்தவன் முதலில் மணையில் உட்கார்ந்து எண்ணெய் வைத்துக்கொண்டால்தான் நின்ற பண்டிகை தொடங்கும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். மூத்தவன் நான். நான் மாட்டேன் என்று சொன்னால் தீர்ந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் பெரிய கட்டாயமாக இருந்தது. தம்பி மனைவி வாணலியைத் தேய்த்துக் காயவைப்பாள், என்னைப் பார்த்ததும் உள்ளே எடுத்துப் போவாள். தம்பி திருநெல்வேலிக்குப் போன் பேசுவான், நான் வந்தால் மழையைப் பற்றிப் பேசுவான். ஐப்பசி பிறந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் மருமகள்தான் வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, நான் பெரியம்மாவைப் பாத்ததே இல்லை. அதனால எனக்கு சங்கடம் இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இவ பொறந்தது அந்த நாளிலேயாக்கும். வருஷா வருஷம் இவ பர்த்டேக்கு இந்த ஆத்துல எல்லாரும் மொகத்தைத் தூக்கி வெச்சுண்டு இருந்தா, இவளுக்குத் தோணாதா, நம்மளாலதான்னு? அது பாவம் அல்லே?"

அவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஆபீசில் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. என்னிடம் இதுவரை யாரும் இவ்வளவு நேராகப் பேசினதில்லை. குழந்தை என் கண்ணாடிக்குக் கையை நீட்டியது. என் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அவர்களுக்கு முன்னால் எழுந்து வழக்கம்போல இருட்டில் உட்கார்ந்துவிடலாம். அந்த நேரம் கழிந்ததும் மணையில் போய் உட்காரலாம். அவர்களுக்குப் பண்டிகை, எனக்கு அந்த நேரம். இரண்டும் ஒரே நாளில் இருந்துவிட்டுப் போகட்டுமே.

"மணையை எடுத்துத் தொடச்சு வைக்கச் சொல்லு," என்றேன்.

திதி இந்த வருஷம் பஞ்சாங்கப்படி தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. திவசத்தைச் செய்தேன். மத்தியானம் கடந்து ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரி பட்டினி. சாயங்காலத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சித்தப்பா மக்களுக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்களுடைய பிள்ளைகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பவும் இரண்டு கூடத்திலும் பாய். அடுக்களையில் தம்பி மனைவி முறுக்குப் பிழியும் சத்தம். நெய் வாசனை வீட்டுக்குள் வந்து எத்தனை காலமாயிற்று. அலாரம் வைக்காமல் படுத்தேன். அந்த நேரத்துக்கு எனக்கு என்றைக்குமே அலாரம் தேவைப்பட்டதில்லை.

என்னை எழுப்பியது ஒரு கை. சின்னக் கை. தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிவந்து, அதன் உள்ளங்கையை எண்ணெயில் முக்கி என் வழுக்கை மேல் பொத்தென்று வைத்திருக்கிறாள். கண்ணைத் திறந்தால் சுற்றிலும் ஒரு பட்டாளம் நின்று சிரிக்கிறது. கடைசியா எழுந்தது பெரியப்பாதான், மருந்து ரெண்டு உருண்டை என்று ஒரு பையன் கத்தினான். இந்த வழக்கமெல்லாம் அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என்னை இழுத்துக்கொண்டுபோய் மணையில் உட்கார வைத்தார்கள். கோலம், ஆரத்தி, எண்ணெய், சீயக்காய், வெந்நீர். மருந்தை வாயில் திணித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. வாசலில் சரவெடியை என் கையால்தான் கொளுத்த வேண்டுமென்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். கொளுத்தினேன். எங்கள் வீட்டில் வெடிச்சத்தம் கேட்டதும் தெருவிலுள்ளவர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். கங்கா ஸ்நானம் ஆச்சா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். ஆச்சு என்றேன்.

பிறகு சுகியன் தட்டு வந்தது. தம்பி மனைவி எதையும் மறக்கவில்லை. எல்லாரும் ஆளுக்கு ஒன்று எடுத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கடித்தோம். எனக்குத்தான் வந்தது. மூன்றாவது மெல்லலில் காது அடைத்துப்போயிற்று. நான் எழுந்து குதித்ததைப் பார்த்துக் குழந்தைகூடக் கையைத் தட்டியது. நானும் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எனக்கே கேட்டது. தம்பி பையன் ஓடிப்போய், நான் கிழித்தெறிந்த விலைச்சீட்டைத் தேடியெடுத்துச் சட்டைக் காலரில் ஊசியால் குத்திவிட்டான்.

பழவங்காடி வரைக்கும் என் பின்னால் ஒரு ஊர்வலம். சார் சட்டையை வாடகைக்கு எடுத்ததா என்று பூக்கடைக்காரன் மலையாளத்தில் கேட்டான். திருப்பிக் கொடுக்கணும், கசக்காதே என்றேன். கோயில் முன்னால் தேங்காயை ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் சிதறியது. எல்லாரும் ஓ என்றார்கள். திரும்பி வந்தபோது நல்ல பசி. அவியலும் எரிசேரியும் பாயசமும், இலையில் இரண்டு முறை சோறு வாங்கினேன். மருமகள் எனக்குப் பாயசம் விடும்போது இன்னொரு கரண்டி கூட விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பின் வீடு அடங்கியது. ஆளாளுக்கு ஒரு மூலையில் சுருண்டார்கள். நான் சமையலறைப் பக்கம் காற்று வரும் இடத்தில் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்திருந்தேன். வெற்றிலை போட்டிருந்தேன். வயிறு நிறைந்திருந்தது. நன்றாக இருந்தது, மறைப்பானேன்.

தம்பி வந்தான். நின்றுகொண்டே இருந்தான். உட்காரடா என்றேன். தரையில் உட்கார்ந்தான். புதுவேட்டியின் கரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அத்தனை ஆட்டம் போட்டவனுக்கு முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணா, காலம்பற அந்த நேரத்துல நான் மன்னியை நினைக்கவே இல்லை. இப்பதான் ஓர்மை வந்தது, சாப்பிட்டுக் கை அலம்பறச்சே. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை." வேட்டிக் கரையை இழுத்துவிட்டுக்கொண்டான். "நீ நெனச்சுண்டிருப்பே, எனக்குத் தெரியும். சிரிச்சிண்டே இருந்தாலும் மனசுக்குள்ள வெச்சுண்டிருப்பே. எனக்குச் சோறு போட்ட கை அண்ணா அது. நான் மறந்துட்டேனே."

நான் அவனைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவனுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், குடும்பத்தில் ஒருத்தனாவது நினைத்தானே என்று. அவள் போன நேரம் எப்போது வந்து எப்போது போனது என்று யோசித்தேன். மணையில் உட்கார்ந்திருந்தபோதா, மருந்தைத் துப்பப் பார்த்தபோதா, வெடியைக் கொளுத்தியபோதா? எதுவும் பிடிபடவில்லை. ஆனால் அது போய்விட்டது. விடிந்து, வெயில் ஏறி, நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டும் ஆகிவிட்டது.

"நானும்தாண்டா," என்றேன். "நானும் மறந்துட்டேன்."

வெற்றிலையைத் துப்பக்கூட நேரமில்லை. அவளை எடுத்துக்கொண்டு போனபோது வராத அழுகை, வயிறு நிறையத் தீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது வந்தது. தம்பி பயந்துபோய் என் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டான். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி நான் அழுதேன்.